அப்பாவுடன் 5 கிலோமீட்டர்: யார் வேகத்தில் ஓடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது, கோவையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஓடுகிறேன். 5 கி.மீ. தூரத்தை 31 நிமிடத்தில் முடிப்பேன். அப்பாவுக்கு 62 வயது, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் படிக்கும்போது 1500 மீட்டர் ஓடியவர். எட்டு வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, அதோடு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடப்பார், 58 நிமிடம் ஆகும். இன்னும் 11 வாரத்தில், டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் 5 கி.மீ. ஓட்டத்துக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். "நடுவுல நடக்க மாட்டேன், ஓடியேதான் முடிப்பேன்" என்கிறார் அப்பா. "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்கிறான் தம்பி. அப்பா ஓடலாமா? எப்படிப் பழகுவது? அன்றைக்கு நான் அவர் கூடவே ஓடுவதா, இல்லை என் வேகத்தில் போய் முடித்துவிட்டுக் காத்திருப்பதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூடவேதான் ஓட வேண்டும், தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை. நீங்கள் 31 நிமிடத்தில் முடித்துவிட்டால், அவர் வந்து சேர இன்னும் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க, சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புள்ள ஒருவர், அவரை அறியாதவர்களுக்கு நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். உங்கள் நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு வேறொரு போட்டியில் ஓடிக்கொள்ளுங்கள். இந்த ஓட்டத்தின் வேகம் அப்பாவுடையது.

அவர் ஓடலாமா? மருத்துவர் பார்த்துச் சரி என்றால், தாராளமாக. ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். ஆக, போட்டித் தூரத்தை அவர் தினமும் கடந்துகொண்டுதான் இருக்கிறார். தூரம் அவருக்குப் புதிதல்ல, அதிர்ச்சிதான் புதிது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைவிடச் சற்றே கூடுதலான பாரம் காலில் இறங்குகிறது. ஓடும்போது அது இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஆகிறது. நாற்பது வருடம் அந்தப் பாரத்தைத் தாங்கிப் பழகாத தசைநாண்கள் அவருடையவை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், தசைநாண்களுக்கு மாதக் கணக்கில் ஆகும். பழைய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் அடிபடுவது இதனால்தான். மூச்சு வாங்குவது குறைந்ததும் வேகத்தைக் கூட்டுவார்கள், குதிகால் நாண் பிடித்துக்கொள்ளும்.

முதல் வாரம் ஓட்டமே வேண்டாம், வழக்கமான நடை போதும். அந்த வாரத்தில் மருத்துவரைப் பாருங்கள். "அப்பா ஓடலாமா டாக்டர்" என்று பொதுவாகக் கேட்டால் "மெதுவா ஓடட்டும்" என்ற பதிலோடு வெளியே வந்துவிடுவீர்கள். குறிப்பாகக் கேட்க வேண்டியவை இவை. டிரெட்மில் பரிசோதனை அவருக்குத் தேவையா? விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தது? (சர்க்கரையால் விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், குலுங்கும் உடற்பயிற்சி கூடாது.) பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? ஓடும் நாட்களில் கிளிமிபிரைடு அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா? கடைசிக் கேள்விக்கான பதிலை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ கூடாது.

அவர் சாப்பிடும் மூன்று மருந்துகளில் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். ஓடும் தசையும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்து அளவைக் கீழே தள்ளும். மூன்றாவதான மெட்டோப்ரோலால் இரண்டு விதத்தில் ஏமாற்றும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது, ஆனால் ஓடுகிறவருக்கு எப்படியும் வியர்க்கும், அது எச்சரிக்கை என்று யாருக்குத் தெரியும்? எனவே வேறு அடையாளங்களைப் பாருங்கள்: கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், திடீர் எரிச்சல், பேச்சு குழறுவது, கால் நேராகப் போகாமல் அலைவது. நீங்கள் கூடவே ஓட வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். மகளுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும்.

மெட்டோப்ரோலாலின் இன்னொரு வேலை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. அதனால் உச்சத் துடிப்பைக் கணிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும், துடிப்பை வைத்து உங்கள் கைக்கடிகாரம் காட்டும் வண்ண மண்டலங்களும் அவருக்குப் பொருந்தாது. கடிகாரம் துடிப்பு 110 என்று நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். பேச்சை வைத்து அளப்பதே நம்பகமானது. ஓடிக்கொண்டே ஒரு குறள் சொல்லச் சொல்லுங்கள். ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதலடி முடிந்து மூச்சு வாங்கிவிட்டு இரண்டாம் அடியைச் சொன்னால் எல்லைக்கு வந்துவிட்டார், அதற்கு மேல் கூட்டக் கூடாது. முதலடி நடுவிலேயே மூச்சு அறுந்தால் உடனே நடை. பழகும் காலத்தில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால், போட்டி நாளில் அவரே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

இப்போது "நடக்க மாட்டேன்" என்ற பிடிவாதத்துக்கு வருவோம். ஓட்டத்துக்கு இடையிடையே நடையைத் திட்டமிட்டுச் சேர்ப்பது, முடியாதவர்களுக்காகக் கண்டுபிடித்த சலுகை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே பரப்பிய முறை அது. மாரத்தானையே அப்படி ஓடி முடிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1500 மீட்டர் ஓடியவருக்கு ஒலிம்பிக் ஓட்டக்காரர் பெயர் எடுபடும், மகள் சொன்னால் எடுபடாது. ஒரே ஒரு விதி: களைத்த பிறகு நடப்பது இந்த முறையில் சேராது. களைப்பதற்கு முன்பே, முதல் நிமிடத்திலிருந்தே, கடிகாரம் சொன்னபடி நடக்க வேண்டும். அப்போதுதான் நான்காவது கிலோமீட்டரிலும் கால் கேட்கும்.

பயிற்சி வாரத்தில் மூன்று நாள் போதும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. மற்ற நாட்களில் வழக்கமான நடை, வெள்ளிக்கிழமை முழு ஓய்வு. ஒவ்வொரு முறையும் முன்னால் பத்து நிமிடம் நடை, பின்னால் பத்து நிமிடம் நடை. ஆரம்பிக்கும் முன் குனிந்து கால்விரலைத் தொட்டு இழுத்துக்கொண்டு நிற்பதால் பெரிய பலனில்லை, பத்து நிமிட நடையே தசையைச் சூடேற்றிவிடும்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்: 30 விநாடி மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. ரொம்பக் குறைவாகத் தோன்றும், அப்பா சலித்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காவது, ஐந்தாவது வாரங்களில் 45 விநாடி ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, பத்து முறை. ஆறாவது, ஏழாவதில் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை, பத்து முறை. எட்டாவது வாரம் நான்காவது வார அளவுக்கே திரும்பி இறங்குங்கள். இந்த இறக்கத்தை யாரும் விரும்ப மாட்டார்கள், ஆனால் தசைநாண் பலப்படுவது இந்த மாதிரி வாரத்தில்தான். ஒன்பது, பத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பதினைந்து முறை. பத்தாவது வார ஞாயிறன்று இதே கணக்கில் ரேஸ்கோர்ஸ் இரண்டு சுற்று முழுதாக. போட்டி வாரத்தில் செவ்வாயும் வியாழனும் இருபது நிமிடம் மட்டும், சனிக்கிழமை ஓட்டம் வேண்டாம். எந்த வாரமாவது நோவு மிஞ்சினால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள். அதனால் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்குக்கு வர முடியாமல் போனாலும் போட்டியை முடிப்பதில் சிக்கல் வராது.

இதில் கிடைக்கும் நேரம் எவ்வளவு? மெல்லோட்டம் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிட வேகம், நடை அவருடைய இப்போதைய வேகமே என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு ஒன்று கணக்கில் 5 கி.மீ. 49 நிமிடத்தில் முடியும். தினசரி நடையைவிட 9 நிமிடம் குறைவு. போட்டி அறிவிப்பில் நேர வரம்பு எதுவும் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நாள், நடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது 12 முறை, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, இரண்டு சுற்று. ஆடுசதைக்கும் முழங்காலுக்கும் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

வலியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டு காலிலும் சமமாக, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து தானே போகும் தசை நோவு சாதாரணம். ஒரே காலில், விரல் வைத்துக் காட்ட முடிகிற ஓர் இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி சாதாரணமல்ல. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துவது போலிருந்தால், ஒரு வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டு நடை மட்டும். நொண்ட வைக்கும் வலி எதுவானாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, என்றுமில்லாத மூச்சுத் திணறல், கண் இருட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் நின்று 108-ஐ அழையுங்கள். "வாயுத் தொல்லையா இருக்கும்" என்று அப்பாவே சொன்னாலும் கேட்க வேண்டாம்.

காலணியை மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பி.பி.க்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறார் என்றால் கணுக்கால் வீக்கம் வரக்கூடும், அகலமான அளவாகப் பாருங்கள். குறைந்தது மூன்று வாரமாவது பழகிய காலணிதான் போட்டிக்கு. வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு உட்படப் பாதத்தைப் பார்ப்பது தினசரி வேலை. சர்க்கரை உள்ளவருக்குக் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகிவிடும். பத்து விரலையும் அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள், கூச்சப்பட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வையுங்கள்.

பயிற்சி நாட்களிலேயே குளுக்கோமீட்டரைப் பழக்கிவிடுங்கள். புறப்படும் முன் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை. 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறிய பிறகே கிளம்ப வேண்டும். 300-க்கு மேல் இருந்தால் அன்று ஓட்டம் கிடையாது, மருத்துவரிடம் பேசுங்கள். முந்தைய நாள் இரவு சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போல் வந்திருந்தாலும் மறுநாள் ஓட வேண்டாம்.

உங்கள் இடுப்புப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் பொடியைப் பொட்டலமாகக் கட்டி இரண்டு மூன்று வைத்திருங்கள். 70-க்குக் கீழே போனால், அல்லது அளக்க முடியாத இடத்தில் மேலே சொன்ன அடையாளங்கள் தெரிந்தால், ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இன்னொன்று, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோடு வோக்ளிபோஸ் என்ற மூன்றாவது மருந்தும் சேர்ந்த மாத்திரைகள் நம் ஊரில் நிறைய உண்டு. வோக்ளிபோஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் குடலில் உடைந்து ரத்தத்துக்குப் போகத் தாமதமாகும், அவசரத்துக்குக் குளுக்கோஸ் மட்டுமே உதவும். பையில் மிட்டாய் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் எண் அட்டை வாங்கியதும் அதன் பின்புறத்தை நிரப்புங்கள்: சர்க்கரை, மூன்று மருந்துகளின் பெயர், தம்பியின் செல்பேசி எண். உங்கள் எண்ணை எழுதிப் பயனில்லை, நீங்களும் பாதையில்தான் இருப்பீர்கள். நேரம் பதியும் சிப் பல போட்டிகளில் அந்த அட்டையிலேயே ஒட்டியிருக்கும், மடிக்காமல் நெஞ்சுப் பகுதியில் குத்தவும். அவர்கள் கொடுக்கும் புது பனியனை அன்றே போட வேண்டாம். துவைக்காத தையல் அக்குளில் உரசும். பழகிய பனியன், அக்குளிலும் தொடை இடுக்கிலும் கொஞ்சம் வாசலின்.

காலை 6 மணிக்குத் தொடக்கம் என்றால் 4 மணிக்கு எழுந்துவிடுங்கள். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் இரண்டு ரொட்டித் துண்டுமோ நாலரைக்குள், கூட ஒன்றரை டம்ளர் தண்ணீர். வெறும் காபியோடு கிளம்பும் வழக்கம் அன்றைக்கு உதவாது. டிசம்பர் காலை கோவையில் குளிர்ச்சியாக இருப்பதால் வழியில் ஒரே ஒரு இடத்தில் அரை டம்ளர் தண்ணீர் போதும். நடை நிமிடத்தில் குடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே குடித்தால் புரையேறும்.

கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஆரம்பிக்கும், முன்னால் நிற்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மேளம் அடிப்பார்கள், ஒலிபெருக்கியில் கத்துவார்கள், நாலாபக்கமும் பிள்ளைகள் சிட்டாகப் பறப்பார்கள். முதல் கிலோமீட்டரை ஒன்பதரை நிமிடத்துக்குக் குறைவாக முடித்தீர்கள் என்றால் தப்பு நடந்துவிட்டது. முதல் ஒரு நிமிடம் ஓடிவிட்டு எல்லோரும் பார்க்க நடக்க வேண்டியிருக்குமே, அந்த நிமிடம்தான் அப்பாவுக்குக் கஷ்டம். நடைக்கு மாறும் முன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள், பின்னால் வருகிறவர் முட்டாமல் இருப்பார்.

கூட ஓடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு அரை அடி முன்னால் ஓடுவது. உங்களுக்கே தெரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பவர் அந்த அரை அடியை எட்டிப்பிடிக்கப் பார்ப்பார், நீங்கள் அனிச்சையாக இன்னும் அரை அடி போவீர்கள். உங்கள் தோள் அப்பாவின் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். அவ்வளவு மெதுவாக ஓடுவது உங்கள் காலுக்கும் பழக வேண்டும். அடியை எட்டி வைக்காமல் சுருக்கி வையுங்கள், மேலே குதிக்காதீர்கள், இல்லாவிட்டால் முன்கால் எலும்போரம் வலிக்கும். உங்கள் சொந்தப் பயிற்சியைப் புதனும் சனியும் வைத்துக்கொண்டால், அவரோடு ஓடும்போது பொறுமை இருக்கும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்ப்பா" என்பதையும் தவிர்க்கலாம். எத்தனையாவது கிலோமீட்டர் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், கணக்கு போதும்.

கடைசி 400 மீட்டரில் குறள் ஒரே மூச்சில் வந்தால் நடையை விட்டுவிட்டு அதே மெல்லோட்டத்தில் முடிக்கட்டும், "ஓடியே முடிப்பேன்" என்ற அவர் ஆசையும் நிறைவேறும். பாய்ச்சல் மட்டும் கூடாது. பழைய 1500 மீட்டர்க்காரர்களுக்கு முடிவுக் கோட்டைக் கண்டதும் கால் தானாக நீளும், தொடையின் பின்தசை கிழிவது அங்கேதான்.

கோட்டைத் தாண்டியதும் புகைப்படத்துக்கு நிற்காதீர்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும். பதக்கத்தை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். அடுத்து, சிற்றுண்டி வரிசை. வழக்கமாக எட்டு மணிக்கு மாத்திரை, உடனே டிபன் என்று இருப்பவர், அன்றும் எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் பொங்கலுக்காக வரிசையில் நின்றால், ஓட்டத்தில் வராத மயக்கம் அங்கே வரும். தட்டு கைக்கு வந்த பிறகே மாத்திரை, அதுவும் மருத்துவர் அன்றைக்குச் சொன்ன அளவில்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். முடிவுக் கோட்டருகே ஒரு சின்ன டிபன் பெட்டியோடும் குளுக்கோமீட்டரோடும் நிற்கட்டும். ஓடியதால் சர்க்கரை தாழ்வது மறுநாள் வரைகூட நீளலாம். அன்று மதியம் ஒரு முறையும் இரவு படுக்கும் முன் ஒரு முறையும் பாருங்கள். இரவில் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துப் படுக்க வையுங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நடை மட்டும், ஒரு சுற்று.